மருமவனே, ரெட்மண்டுக்காரன் ஒன்னை வேவு பாக்கானா?

மருமவனே, எனக்கு மொதல்ல ஒரு சந்தேகத்தைத் தீத்து வை. ஒன் கடையில கெடக்கிற அந்த விண்டோஸ் 7 பொட்டியில அப்படி என்ன ராஜரகசியம் இருக்கு? எனக்குத் தெரிஞ்சு பேஜ்மேக்கர்ல அடிச்ச கல்யாணப் பத்திரிகை இருக்கு, காதுகுத்து அழைப்பு இருக்கு, மேலத்தெரு ஆச்சிக்கு அடிச்ச கண்ணீர் அஞ்சலி இருக்கு. இதையெல்லாம் அமெரிக்காவுல, வாஷிங்டன் மாகாணத்துல, மைக்ரோசாஃப்ட் கம்பெனி இருக்கிற ரெட்மண்டுன்னு ஒரு ஊர்ல ஒருத்தன் ஒக்காந்து படிக்கான்னு நீ சோறு எறங்காமக் கெடக்கியாம். எம்மவ சொல்லுதா. படிச்சாப் படிச்சுட்டுப் போறான். 'தங்கள் நல்வரவை நாடும்'னு கீழ போட்டிருக்குல்லா, வந்தாம்னா ஒரு எலை கூடப் போட்டாப் போச்சு.

நக்கல் பண்ணுதேன்னு கோவிச்சுக்கிடாதே. ஒன் பயத்துல பாதி நியாயம். மீதிப் பாதிதான் ஒன்னைக் கெடுக்கு. எவனோ சொன்னாம்னு 'ஒற்றனை ஒழிக்கிறேன்'னு சொல்லுத மென்பொருள் நாலு எறக்கி வச்சிருக்கே. அப்டேட் மொத்தத்தையும் ஒரே அடியா நிறுத்தி வச்சிருக்கே. நிறுத்த வேண்டியது ரெண்டே ரெண்டு டிக். அதை மட்டும் விட்டுட்டே.

இந்தச் சோலி இன்னைக்கு நேத்து ஆரம்பிச்சதில்ல, பாத்துக்கோ. 1999 மார்ச் மாசம். நான் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால ஜாப் டைப்பிங் கடை வச்சு, விண்டோஸ் 98 போட்ட ஒரு பொட்டியைத் தொடச்சித் தொடச்சி வச்சிருந்த காலம். அமெரிக்காவுல ரிச்சர்ட் ஸ்மித்னு ஒரு புரோகிராமர், விண்டோஸ் 98-ஐ ரிஜிஸ்டர் பண்ணும்போது என்னதான் வெளிய போவுதுன்னு நோண்டிப் பாத்தார். கம்ப்யூட்டருக்குன்னு தனியா ஒரு அடையாள எண் போவுது. 'என் கம்ப்யூட்டர் விவரம் அனுப்பாதே'ன்னு சொன்னாலும் போவுது! அதோட விட்டுச்சா? வேர்டு, எக்செல் ஃபைலுக்குள்ளயும் நெட்வொர்க் கார்டோட முகவரி கலந்த ஒரு எண் ஒளிஞ்சுக்கிட்டு இருந்துச்சு. நீ மொட்டைக் கடுதாசி அடிச்சாலும் எந்தப் பொட்டியில அடிச்சதுன்னு கண்டுபிடிச்சிரலாம். அதே மாசம் மெலிசா வைரஸ் கெளம்பினப்போ, அதை விட்டவனைத் தேடுத வேலையில இந்த எண்ணையும் ஒரு தடயமா எடுத்துப் பாத்தாங்க.

மைக்ரோசாஃப்ட் என்ன சொல்லிச்சு தெரியுமா? வேண்டாம்னு சொன்னபெறவும் எண்ணு போனது பிழையாம். அடுத்த பதிப்புல எடுத்துருவோம், சேந்ததை அழிச்சிருவோம்னுட்டான். எனக்கு அந்தப் பதில் ரொம்பப் புடிச்சுப் போச்சு. கல்லாவுல துட்டு கொறையுதேன்னு ஒங்கத்தை கேட்டப்பல்லாம், 'பிழை, அடுத்த பதிப்புல சரி பண்ணிருதேன்'னு நானும் சொல்லிப் பாத்தேன். எங்க வீட்டுல எடுபடல.

அதுக்குப் பெறவு எக்ஸ்பி வந்துச்சு. ஒரு புரோகிராம் படுத்துட்டா ஒரு சின்னக் கட்டம் வந்து நிக்குமே, ஞாபகம் இருக்கா? 'செண்ட் எர்ரர் ரிப்போர்ட்', பக்கத்துல 'டோண்ட் செண்ட்'. ஊரே 'டோண்ட் செண்ட்'டை அமுக்கிட்டுப் போச்சு. அனுப்பினா என்ன போவும்? புரோகிராம் செத்த நேரத்துல மெமரியில கெடந்ததுல கொஞ்சம் போவும். அதுல நீ அடிச்சிட்டிருந்த கடுதாசியில ஒரு துண்டும் மாட்டினாலும் மாட்டும். இதை மைக்ரோசாஃப்ட்டே எழுதித்தான் வச்சிருந்தது, நாமதான் படிக்கல.

ஆனா ஒண்ணு. எல்லாத்தையும் களவாணித்தனம்னு சொல்லிரவும் கூடாது. அந்த ரிப்போர்ட்டையெல்லாம் கூட்டிக் கழிச்சுப் பாத்துட்டு 2002-ல ஸ்டீவ் பால்மர் ஒரு கணக்குச் சொன்னார்: இருக்கிற பிழையில 20 சதவீதம்தான் 80 சதவீதத் தகராறுக்குக் காரணம், வெறும் ஒரு சதவீதப் பிழை பாதித் தகராறைப் பண்ணுது. எதை மொதல்ல சரி பண்ணணும்னு அவனுக்குத் தெரிஞ்சது எவனோ புண்ணியவான் 'செண்ட்' அமுக்கினதாலதான். நீ அமுக்கல. நானும் அமுக்கல. ஆனா பொட்டி முன்ன விட ஒழுங்கா ஓடினப்போ ரெண்டு பேரும் அனுபவிச்சோம்.

அப்போ அமுக்கியிருக்கணுமான்னு கேட்டா, அதுலயும் ஒரு வில்லங்கம் இருக்கு. 2013 டிசம்பர்ல ஜெர்மனியில 'டெர் ஷ்பீகல்' பத்திரிகைக்காரன் ஒரு சங்கதியை வெளிய விட்டான். இந்த எர்ரர் ரிப்போர்ட்டுங்க போற வழியிலேயே அமெரிக்க உளவுக்காரன், அதான் என்.எஸ்.ஏ., மடக்கிப் பாத்துக்கிட்டிருந்தானாம். எந்தப் பொட்டியில எந்த ஓட்டை இருக்குன்னு அதுல இருந்தே தெரிஞ்சுக்கிடலாம்லா. ரெட்மண்டுக்காரன் யோக்கியனாவே இருந்தாலும், ரோட்டுல நிக்கிறவன் யோக்கியனா இருக்கணுமே. ஒன் பயத்துல நியாயமான பாதின்னு சொன்னேன்லா, அது இதுதான்.

சரி, இப்போ ஒன் பொட்டி முன்னால ஒக்காரு. மவுசைப் புடி. கண்ட்ரோல் பேனல், அதுல ஆக்‌ஷன் சென்டர். எடது பக்கத்துல 'சேஞ்ச் ஆக்‌ஷன் சென்டர் செட்டிங்ஸ்'னு இருக்கும். உள்ள போனா மேல வரிசையா டிக்கு. அதுகள்ல கை வைக்காதே. கண்ணைக் கீழ எறக்கு. 'கஸ்டமர் எக்ஸ்பீரியன்ஸ் இம்ப்ரூவ்மென்ட் புரோகிராம் செட்டிங்ஸ்'னு ரயில் நீளத்துக்கு ஒண்ணு, 'பிராப்ளம் ரிப்போர்ட்டிங் செட்டிங்ஸ்'னு இன்னொண்ணு. மொதலாவதுல 'நோ' போட்டுட்டு சேவ் பண்ணு. ரெண்டாவதுல நாலு வழி வச்சிருப்பான்: தானாத் தீர்வு தேடு, தேடி வேணும்னா கூடுதல் தகவலும் அனுப்பு, ஒவ்வொரு தடவையும் என்னைக் கேளு, தேடவே தேடாதே. நான் மூணாவதைத்தான் வச்சிருக்கேன். என்னை ஒருத்தன் கேட்டுட்டுப் பண்ணுதாம்னா அது ஒரு கௌரவம்தானே.

அவ்வளவுதான் ரெண்டு டிக். இதுக்குத்தான் நாலு மென்பொருள் எறக்கினே, கோட்டிக்காரா.

நம்பிக்கை வரலைன்னா ஸ்டார்ட்ல 'டாஸ்க் ஷெட்யூலர்'னு அடி. லைப்ரரி, மைக்ரோசாஃப்ட், விண்டோஸ்னு ஒண்ணுக்குள்ள ஒண்ணாப் போனா அதே ரயில் பேர்ல ஒரு ஃபோல்டர் இருக்கும். உள்ள மூணு ஆளு: கன்சாலிடேட்டர், கெர்னல் சீப் டாஸ்க், யுஎஸ்பி சீப். மொத ஆளோட 'டிரிக்கர்ஸ்' பக்கத்தைப் பாரேன். 2004 ஜனவரி 2-ந் தேதி ராத்திரி பன்னெண்டு மணியில இருந்து 19 மணி நேரத்துக்கு ஒரு தடவைன்னு போட்டிருக்கும். விண்டோஸ் 7 வெளிய வந்ததே 2009 அக்டோபர் 22. பிள்ளை பொறக்க அஞ்சு வருசத்துக்கு முந்தியே முகூர்த்தம் குறிச்சிருக்கான்! அதுவும் 24 மணி இல்ல, 12 மணி இல்ல, 19. எந்தப் பஞ்சாங்கத்தைப் பாத்துக் குறிச்சானோ, அந்த ஜோசியர் கெடச்சா ஒன் கடைக்கும் ஒரு நல்ல நேரம் கேக்கணும்.

அந்த ஆளு பக்கத்துலேயே விளக்கமும் எழுதியிருப்பான்: ஒன் சம்மதம் இருந்தா மட்டும்தான் இது தகவலைச் சேத்து அனுப்பும்னு. மேல 'நோ' போட்டாச்சுன்னா எந்திரிச்சு வந்து சும்மாதான் திரும்பும். அப்பவும் ஒனக்குத் தூக்கம் வராதுன்னா, ரைட் கிளிக் பண்ணி 'டிசேபிள்' குடு. பொட்டிக்கு ஒண்ணும் ஆவாது.

விண்டோஸ் மீடியா பிளேயர்லயும் ஒரு சமாச்சாரம் இருக்கு. ஆப்ஷன்ஸ்ல 'பிரைவசி'ன்னு ஒரு பக்கம். பாட்டு விக்கிறவனுக்கு ஒன் பிளேயரோட தனி எண்ணை அனுப்பவான்னு ஒரு டிக், நீ எப்படிப் பாட்டு கேக்கேன்னு கம்பெனிக்குச் சொல்லவான்னு ஒரு டிக். ரெண்டையும் எடுத்துரு. அதே பக்கத்துல இன்னொரு டிக் இருக்கு, நீ தெறந்து பாத்த ஃபைல் பேரையெல்லாம் பிளேயரே ஞாபகம் வச்சுக்கிடுதது. அது ரெட்மண்டு போறதில்ல. எங்கயும் போறதில்ல. ஒன் பொட்டியிலேயே இருந்துக்கிட்டு, யாரு அடுத்துத் தெறந்தாலும் வாய் கூசாமச் சொல்லும்.

இங்கனதான் மருமவனே ஒன் மேல எனக்கு நெசமாவே எரக்கம் வருது. எட்டாயிரம் மைலுக்கு அங்கிட்டு இருக்கிறவனுக்குப் பயப்படுதே. மத்தியானம் நீ சாப்பிட வந்த நேரத்துல கடையில ஒக்காருத எம்மவளுக்குப் பயப்பட மாட்டேங்கியே! அவ ஸ்டார்ட் மெனுவை அமுக்கினா நீ கடைசியாத் தெறந்தது அத்தனையும் அழகா வரிசையில நிக்கி. டாஸ்க்பார்ல இருக்கிற படத்தை ரைட் கிளிக் பண்ணினா இன்னொரு பட்டியல். சீட்டாட்டம் எத்தனை மணிக்கு ஆடினேங்கிறது வரைக்கும் ஒரு புத்திசாலிப் பொம்பளை கண்டுபிடிச்சிருவா. அவ எம்மவ, சொல்லணுமா? டாஸ்க்பார்ல காலியா இருக்கிற எடத்துல ரைட் கிளிக், பிராப்பர்ட்டீஸ், ஸ்டார்ட் மெனு. 'பிரைவசி'ன்னு தலைப்புப் போட்டு ரெண்டு கட்டம். மேலது புரோகிராமுக்கு, கீழது ஃபைலுக்கு. டிக்கை எடுத்துட்டு ஓகே குடு, பட்டியல் சுத்தமாத் தொடச்சிரும். அந்தக் கட்டத்தைப் பத்தி மட்டும் எவனும் ஒங்கிட்டச் சொல்லியிருக்க மாட்டான். அமெரிக்காக்காரனைத் திட்டுததுல இருக்கிற சொகம் இதுல இல்லைல்லா.

அப்டேட் கதைக்கு வாரேன். அதுல ஒனக்கு வந்த கோவம் ஊருக்கே வந்த கோவம், நான் இல்லைங்கல.

2015-ல கே.பி. 3035583-ன்னு ஒண்ணு சாதுவா உள்ள வந்துச்சு. மூலையில வெள்ளையா ஒரு ஜன்னல் படம், 'விண்டோஸ் 10 வாங்கிக்கோ, சும்மாத் தாரேன்'னு. வேண்டாம்னா மறுநாளும் வரும். 2016 மே மாசம் அதுல ஒரு கைவரிசை பண்ணினான் பாரு, அதை நெனச்சா இன்னமும் சிரிப்பு வருது. தேதி குறிச்சு ஒரு அறிவிப்பு வரும். நீ மேல செவப்புப் பெருக்கல் குறியை அமுக்கி மூடுவே. இத்தனை வருசமா அதுக்கு வேண்டாம்னுதானே அர்த்தம்? அவன் சம்மதம்னு எடுத்துக்கிட்டு, குறிச்ச நேரத்துக்கு 10-ஐ ஏத்திட்டான். தாம்பூலத் தட்டை வேண்டாம்னு தள்ளிவிட்டவன் கையைப் புடிச்சு, 'தட்டைத் தொட்டாச்சுல்லா, நிச்சயம் முடிஞ்சுது'ன்னு பந்தி போட்ட கதை! கலிஃபோர்னியாவுல ஒரு அம்மா, கேக்காம 10 ஏறி எம்பொட்டி கெட்டு எம்பொழப்பு கெட்டுன்னு கோர்ட்டுக்குப் போயி பத்தாயிரம் டாலர் வாங்கிட்டா. நம்ம ஊர்ல அப்படி ஒரு ஆளு இருந்தா அந்தம்மாவைத்தான் கவுன்சிலருக்கு நிறுத்தியிருப்பேன்.

2015-லதான் 7-க்கும் 8.1-க்கும் கே.பி. 3068708, 3080149-னு ரெண்டு அப்டேட்டு வந்துச்சு. புதுசா 'டயக்னாஸ்டிக்ஸ் டிராக்கிங் சர்வீஸ்'னு ஒரு ஆளைக் குடியேத்தின அப்டேட்டுகள்ல அதுகளும் சேத்தி. 2952664-ன்னு இன்னொண்ணு, ஒன் பொட்டி 10-க்குத் தாங்குமான்னு தடவிப் பாக்கிற ஆளு. நீ 'சர்வீசஸ்' தெறந்து அந்த டிராக்கிங் ஆளை 'ஸ்டாப்' பண்ணி, 'டிசேபிள்டு'ல வச்சிரு. 'இன்ஸ்டால்டு அப்டேட்ஸ்' பட்டியல்ல நம்பரைத் தேடி எடுத்தும் போடலாம். இந்த 2952664 சோதிச்சுப் பாக்கிறது அந்த ரயில் பேர் திட்டத்துல சேந்த பொட்டிகளைத்தான்னு அவனே எழுதியிருந்தான். ஆவ, நீ மேல போட்ட 'நோ'வுக்கு இங்கயும் ஒரு மதிப்பு உண்டு.

இது வரைக்கும் நீ கோவப்பட்டது சரி. அதுக்கு மேல என்ன பண்ணினே? 'நெவர் செக் ஃபார் அப்டேட்ஸ்'னு வச்சே. ஒன்னை மட்டும் சொல்லல, ஒலகத்துல நெறையப் பேர் அதே ஆத்திரத்துல அதையேதான் பண்ணினாங்க. 2017 மார்ச் 14-ந் தேதி எம்.எஸ். 17-010-ன்னு ஒரு திருத்தம் வந்துச்சு. மே 12-ந் தேதி, அந்தத் திருத்தம் அடைச்ச ஓட்டை வழியாவே வானாக்ரைன்னு பணம் பறிக்கிற புரோகிராம் வந்துச்சு. நடுவுல கிட்டத்தட்ட ரெண்டு மாசம் கெடந்தது. 150 நாட்டுல ரெண்டு லச்சத்துக்கு மேல பொட்டி பூட்டிக்கிட்டு, பிட்காயின் குடுன்னு நின்னுச்சு. இங்கிலாந்துல சர்க்கார் ஆஸ்பத்திரிகள்ல நோயாளியைத் திருப்பி அனுப்பினாங்க. மாட்டினதுல பெரும்பாலும் எது தெரியுமா? எல்லாரும் எக்ஸ்பின்னு நெனச்சாங்க. இல்ல. திருத்தம் ஏறாத விண்டோஸ் 7. ஒன் கல்யாணப் பத்திரிகையை ரெட்மண்டுக்காரன் படிச்சிருவானோன்னு நீ கதவை அடைச்சே. பூட்டு மாத்த வந்தவனும் அதே கதவுல நின்னுட்டுத் திரும்பிப் போயிட்டான்.

அவன் பக்கமும் சுத்தம்னு நான் சொல்லல. 2016 அக்டோபர்ல இருந்து அப்டேட்டையெல்லாம் மொத்தமா ஒரே மூட்டையாக் கட்டிட்டான். தனித்தனியாப் பொறுக்குத வசதி போச்சு. விவரமான ஆளுக 'செக்யூரிட்டி ஒன்லி'ன்னு இருந்த தனி மூட்டையை மட்டும் எடுத்துப் போட்டு வந்தாங்க. 2019 ஜூலையில அந்த மூட்டைக்குள்ளயும் 2952664 பண்ணுத அதே தடவல் வேலையைச் சத்தமில்லாமச் சொருகிட்டான். கே.பி. 4507456. கிட்டத்தட்ட மூணு வருசமா கல்லு பொறுக்கிப் பொறுக்கிச் சோறாக்கின ஆளுக மூஞ்சியை அன்னைக்குப் பாத்திருக்கணும்.

ஹோஸ்ட்ஸ் ஃபைல்ல மைக்ரோசாஃப்ட் முகவரியையெல்லாம் நீளமாப் பட்டியல் போட்டு அடைச்சிருக்கேன்னு மார் தட்டினியே, அதையும் கேட்டுக்கோ. விண்டோஸ் அப்டேட் சார்ந்த சில முகவரிகளுக்கு விண்டோஸ் அந்த ஃபைலை எட்டிக்கூடப் பாக்காது. பேரைத் தேடிக் குடுக்கிற டி.எல்.எல்.-லேயே விலக்கு எழுதி வச்சிருக்கான், எக்ஸ்பி காலத்துல இருந்து. வைரஸ் வந்து அப்டேட்டைத் திசை திருப்பிரக் கூடாதுன்னு செஞ்ச ஏற்பாடு. நல்ல எண்ணந்தான், ஆனா வீட்டுக்காரன் நீங்கிறதையும் அது மதிக்காது.

ஒன் சேக்காளி ஒருத்தன், உபுண்டு போட்டுட்டு நெஞ்சை நிமித்தித் திரியுதானே, அவங்கிட்ட 2012-ல வந்த 12.10-ஐ ஞாபகப்படுத்து. சொந்த ஃபைலைத் தேடினாலும் அமேசான் சரக்குப் பட்டியல் வந்து நின்னுச்சு. ரிச்சர்ட் ஸ்டால்மனே வேவுன்னு திட்டினார். 2016-ல 16.04 வந்தப்போதான் அதை அணைச்சு வச்சுக் குடுத்தாங்க. ஆப்பிள் வச்சிருக்கிற சீமான் வந்தா 2014-ல வந்த யோசெமிட்டியைக் கேளு. ஸ்பாட்லைட்ல தேடுத வார்த்தையும் இருக்கிற எடமும் ஆப்பிளுக்குப் போச்சு. சிஸ்டம் பிரிஃபரன்சஸ்ல ஸ்பாட்லைட்டுக்குப் போயி சஜஷன்ஸ் டிக்கை எடுத்தாத்தான் நின்னுச்சு. இந்தச் சந்தையில எவன் தராசும் நேரா நிக்கல.

விண்டோஸ் 10-க்கு மாறுதேங்கியா? அதுக்கும் 2025 அக்டோபர் 14-ஓட ஆயுசு முடிஞ்சுது. அதுல டெலிமெட்ரியை, அதான் இப்படித் தகவல் அனுப்புததை, கொறைக்கலாம், ஹோம்லயும் புரோலயும் முழுசா அணைக்கச் சுவிட்சே கெடையாது. அடிமட்டத்துல வைக்கிற சலுகை எண்டர்பிரைஸ், எஜுகேஷன்காரனுக்குத்தான். 2016 ஜூலையில பிரான்ஸ்ல சி.என்.ஐ.எல்.-னு தரவுப் பாதுகாப்பு பாக்கிற சர்க்கார் அமைப்பு, இவன் தேவைக்கு மேல அள்ளுதான்னு நோட்டீஸ் விட்டுச்சு. அதுக்குப் பெறவுதான் அள்ளுததைக் கொறைச்சு, என்னென்ன அள்ளுதோம்னு பட்டியலும் போட்டான். 2018-ல வந்த பதிப்புல இருந்து 'டயக்னாஸ்டிக் டேட்டா வியூவர்'னு ஒண்ணு குடுத்திருக்கான். ஒன் பொட்டியில இருந்து போறதை நீயே பாக்கலாம். ஒரு நா பாத்தேன். கொட்டாவி வந்துருச்சு.

ஒன் நாலு மென்பொருளுக்கு வாரேன். ஒவ்வொண்ணும் உள்ள வரும்போது 'அட்மினிஸ்ட்ரேட்டர் அனுமதி குடு'ன்னு கேட்டிருக்கும், நீயும் 'எஸ்'னு குடுத்திருப்பே. மைக்ரோசாஃப்ட் கேட்டப்போ 'நோ'ன்னவன், பேரு ஊரு தெரியாதவன் கேட்டப்போ சாவிக்கொத்தையே குடுத்திருக்கே! அதுல ஒண்ணு பிரவுசர்ல டூல்பாரைக் கட்டி வச்சிருக்கு. நீ எதைத் தேடினாலும் எங்கயோ சுத்திட்டு வருது. எம்மவ அதையும் சொன்னா. நாலையும் இன்னைக்கே கழட்டு. கழட்டினபெறவு ஆன்டிவைரஸை வச்சு ஒரு ஓட்டு ஓட்டு.

கடைசியா ஒண்ணு. விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரி 14-ஓட இலவச அப்டேட் நின்னு போச்சு. துட்டு கட்டின கம்பெனிக்காரனுக்கும் 2023 ஜனவரியோட முடிஞ்சுது. குரோம் 109-ஓட கையை ஒதறிருச்சு. ஃபயர்ஃபாக்ஸ் 115 இ.எஸ்.ஆர். ஒண்ணுதான் கொஞ்ச காலம் தாங்கிப் புடிச்சுது. நீ அந்தப் பொட்டியை எதுக்கு வச்சிருக்கே? பேஜ்மேக்கருக்கும் பழைய தமிழ் ஃபாண்டுக்கும். அதுக்கு இன்டர்நெட் எதுக்கு? பின்னால நீல வயர் ஒண்ணு போவுது பாரு, அதைப் பிடுங்கி வேற பொட்டியில சொருகு. பேங்க் வேலை, மெயில், அரசாங்க ஃபாரம் எல்லாம் அங்கன பாத்துக்கோ. பத்திரிகையை பி.டி.எஃப்.-ஆ மாத்தி பென் டிரைவ்ல எடுத்துட்டுப் போ. அப்புறம் ரெட்மண்டுக்காரன் தலைகீழா நின்னாலும் ஒங்கிட்ட இருந்து ஒரு எழுத்து வாங்க முடியாது.

வயரைப் பிடுங்குததுக்கு முந்தி அந்த ஸ்டார்ட் மெனு டிக்கை எடுத்திரு. எம்மவ நாளைக்கு மத்தியானம் கடைக்கு வாராளாம். நானாப் போயி ஒண்ணும் சொல்ல மாட்டேன். அவளாக் கேட்டா, பெத்த மவகிட்டப் பொய் சொல்லுத வயசும் எனக்கு இல்ல.